பன்னிரண்டு மணி நேரம் அழுத்தாத பொத்தான்

மொசூல், இடது கரை
செப்டம்பர் 27

அன்புத் தம்பி ஸர்மதுக்கு,

அக்கா நுஹா எழுதுவது. உன்மீது இறைவனின் சாந்தி நிலவட்டும். இங்கே அப்பா, ஹதீல் அண்ணி, நான் மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதித்துக்கொண்டிருக்கிறது. போனில் கூப்பிட்டால் "வேலையில இருக்கேன்க்கா, எல்லாம் நல்லாருக்கு" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். லைப்சிக்கில் குளிர் ஆரம்பித்திருக்கும். அந்தக் கிழிந்த ஜாக்கெட்டைத்தான் இன்னும் மாட்டிக்கொண்டு அலைகிறாய் என்பதை நீ அனுப்பிய படத்தில் பார்த்தேன். புதிதாக ஒன்று வாங்கு.

விஷயத்துக்கு வருகிறேன். "உப்புச் சாலை" கேமில் ஐந்தாம் பாகத்தின் கடைசிக் காட்சிக்கு வந்துவிட்டோம். வந்து என்ன பிரயோஜனம்? பதினாலு வருஷமாகத் தாரின் தன் அண்ணன் இசிலைத் தேடி அந்த உப்புப் பாலையில் நடக்கிறான். ஹாரிஸ் அண்ணன் சந்தையில் முதல் பாகத்தின் திருட்டு டிஸ்க்கை வாங்கிவந்தபோது உனக்குப் பத்து வயது. இரண்டாம் பாகம் வந்த வருஷம்தான் நகரம் அந்தக் கறுப்புக்கொடிக்காரர்கள் கைக்குப் போனது. விளையாடினால் சவுக்கடி என்றார்கள். நீங்கள் இரண்டு பேரும் கேம் பெட்டியை அரிசி மூட்டைக்குள் ஒளித்துவைத்து, சத்தத்தை அடைத்துவிட்டு விளையாடினீர்கள். மூன்றாவதும் நாலாவதும் வந்தபோது அண்ணன் இல்லை. நீயும் புறப்பட்டுப் போய்விட்டாய். நான்தான் விளையாடினேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னார். முப்பது வருஷம் அலெப்போ சாலையில் லாரி ஓட்டியவர் இல்லையா? "அந்தப் பக்கம் திரும்பாதே மா, மண்ணு இளகியிருக்கு" என்பார். திரும்பினால் நிஜமாகவே புதைவேன்.

அத்தனை தூரம் நடந்து வந்தவனுக்குக் கடைசியில் என்ன வைத்திருக்கிறார்கள்? நீயும் பார்த்திருப்பாய். ஆனாலும் எனக்குச் சொல்லித் தீர்க்க வேண்டும். மலை உச்சியில் ஒரு கல் வீடு. கதவு பூட்டியிருக்கிறது. வாசலில் ஒரு மேசை, அதன்மேல் வழியில் செத்தவர்களின் பெயர்களை எழுதும் பெரிய புத்தகம். அவ்வளவுதான். சண்டை இல்லை, சந்திப்பு இல்லை, ஒரு எலும்புகூட இல்லை. நாலு பாகத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் மூன்று வழி கொடுத்தவர்கள் இங்கே ஒரே ஒரு பொத்தானைக் காட்டுகிறார்கள்: "பெயரை எழுது." அழுத்தினால் தாரின் தன் அண்ணன் பெயரை எழுதிவிட்டுத் திரும்பி மலையிறங்குகிறான், கதை முடிந்தது. அழுத்தாவிட்டால் ஒன்றும் நடக்காது. காற்று அடித்துக்கொண்டே இருக்கும், அவன் நின்றுகொண்டே இருப்பான்.

தெருமுனையில் கேம் கடை வைத்திருக்கும் தஹ்ஸீனை உனக்கு நினைவிருக்கும், ஹாரிஸ் அண்ணனின் சிநேகிதன். அவன் கடையில் ஒரு வாரமாகச் சாவு வீடு மாதிரி இருக்கிறது. அழுத்திப் பார்த்தவர்கள் எல்லாரும் திட்டுகிறார்கள். "இதுக்காடா நான் பள்ளிக்கூடத்தைக் கட்டடிச்சுட்டு இவன்கூட நடந்தேன்" என்று ஒருத்தன் கன்ட்ரோலரைச் சுவரில் வீசினானாம். இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள். முடிவை மாற்றச் சொல்லி உலகம் முழுக்க லட்சக்கணக்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், நானும் போட்டேன். "நாங்கள் நினைத்த முடிவு இதுதான்" என்று கம்பெனி இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டது.

அப்பாவுக்குத்தான் கோபம் அடங்கவில்லை. என்னை உட்காரவைத்து, ஆங்கிலத்தில் எழுது என்று கம்பெனிக்கு ஒரு கடிதம் சொன்னார். "ஐயா, நான் லாரி ஓட்டினவன். ஒரு சுமையை ஏத்திவிட்டா இறக்குற இடத்தைச் சொல்லித்தான் அனுப்புவாங்க. இடம் சொல்லாம பதினாலு வருஷம் ஓட்டவிட்டு, கடைசியில இங்கயே கொட்டிட்டுப் போன்னு சொன்னா அது என்ன நியாயம்?" அப்படியே எழுதி அனுப்பினேன். என்னை அந்தப் பொத்தானை அழுத்தவிடவில்லை. "அவங்க பதில் போடட்டும்" என்கிறார்.

இனி எழுதப்போவதை நீ வாசிக்காமல் தாண்டிப்போவாய் என்று தெரியும், தாண்டாதே. ஹதீல் அண்ணியின் சித்தப்பா வந்திருந்தார். தல்கேஃப் ஊரில் ஒரு பள்ளி ஆசிரியர், மனைவியை இழந்தவர், அண்ணியைப் பெண் கேட்கிறாராம். அண்ணிக்கு முப்பத்திரண்டு ஆகிறது. அண்ணனோடு வாழ்ந்தது ஐந்து மாதம், காத்திருந்தது எட்டு வருஷம். காணாமல் போனவனிடமிருந்து மணவிலக்குக் கேட்டால் நீதிமன்றம் கொடுத்துவிடும்தான். ஆனால் அவள், "அவர் என்னை விட்டுட்டுப் போனாருன்னு ஒரு பேப்பர்ல நான் எழுதமாட்டேன்" என்கிறாள். எனவே அண்ணன் இறந்துவிட்டான் என்ற தீர்ப்புத்தான் வேண்டும். அதற்கு இரண்டு வேண்டுமாம். ஒன்று, அப்பாவின் கையெழுத்து. மற்றது, அண்ணனைக் கடைசியாகப் பார்த்தவனின் வாக்குமூலம். அது நீ. பெர்லின் தூதரகத்துக்குப் போய் ஒருமுறை சொன்னால் போதும். நாலாவது தடவையாகக் கேட்கிறேன்.

அப்பாவும் அந்தத் தாளைக் கையால் தொட மாட்டேன் என்கிறார். இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பெண்ணின் வயசு போய்க்கொண்டிருக்கிறது. கோபமாக எழுதிவிட்டேனா? இருக்கட்டும். நன்றாகச் சாப்பிடு.

உன் அக்கா
நுஹா

மொசூல்
அக்டோபர் 11

அன்புத் தம்பிக்கு,

ஐந்து நாள் யோசித்து நீ அனுப்பிய பதில் மூன்றே சொல்: "அப்பா பொத்தானை அழுத்திட்டாரா?" தூதரகத்தைப் பற்றி ஒன்றுமில்லை. சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அழுத்தவில்லை. அழுத்தாமல் இருக்க இங்கே நாங்கள் படுகிற பாட்டைக் கேள்.

போன வாரம் தஹ்ஸீன் மூச்சிரைக்க ஓடிவந்தான். ரசிகர்களின் அரபுப் பக்கத்தில் யாரோ எழுதியிருக்கிறார்களாம். "பெயரை எழுதாதீர்கள். கையை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் அவனோடு நில்லுங்கள். கதவு உள்ளிருந்து திறக்கும்." அவன் அதை அப்பாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினான். பஸ்ராவிலிருந்து அலெக்சாந்திரியா வரைக்கும் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்களாம். அப்பா யார் எழுதியது என்று கேட்டார், தஹ்ஸீன் ஏதோ பெயர் சொன்னான், நான் அப்போது அடுப்படியில் இருந்தேன். திரும்பி வந்தபோது அப்பா, "சரி, நிப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நிற்பது உங்கள் ஊரில் சுலபம். இங்கே அரசு மின்சாரம் போய்த் தெரு ஜெனரேட்டர் வருவதற்குள் மூன்று நொடி இடைவெளி. அந்த மூன்று நொடியில் பெட்டி செத்துவிடும். கடைசிக் காட்சியில் சேமிக்கவும் வழியில்லை, மறுபடி மலையடிவாரத்திலிருந்து ஒரு மணி நேரம் ஏற வேண்டும். அப்பா ஜெனரேட்டர்கார அபூ மிஷ்அலிடம் போய், வெள்ளிக்கிழமை காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை எங்கள் வீட்டை ஜெனரேட்டரிலேயே விடச் சொல்லிக் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். நாலாவது மணி நேரத்தில் அந்த மனுஷன் எண்ணெய் மாற்ற மோட்டாரை நிறுத்திவிட்டார். அப்பா செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி, "ஒருத்தன் காலையிலேருந்து கதவுகிட்ட நிக்கிறான், உனக்கு இப்பத்தான் எண்ணெய் மாத்தணுமா" என்று சத்தம் போட்டார். அபூ மிஷ்அலின் முகம் மாறிவிட்டது. "உன் பிள்ளையைப் பத்தித் தகவல் ஏதும் வந்துச்சா அபூ ஹாரிஸ்? எந்த ஜெயில் கதவு? நானும் வண்டியை எடுக்கிறேன்" என்றார். அப்பா அப்படியே திரும்பிவிட்டார். வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்தார்.

அடுத்து லாரி பேட்டரி ஒன்றை இரவல் வாங்கி, தஹ்ஸீனின் இன்வெர்ட்டரை மாட்டி, செவ்வாய்க்கிழமை மறுபடி தொடங்கினோம். ஒன்பது மணி நேரம் ஓடியது. தஹ்ஸீன் கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டான். அப்போது அண்ணி கூட்ட வந்தாள். விளக்குமாறு ஒயரில் மாட்டி, எல்லாம் அணைந்தது. "தெரியாமத்தான் பட்டுச்சு மாமா" என்றாள். "பரவால்ல மா" என்றார் அப்பா. நான் நம்பவில்லை.

அடுப்படியில் குப்பா உருண்டைக்கு மாவு தட்டிக்கொண்டே கேட்டேன். மறைக்காமல் சொன்னாள். "நுஹா, கதவு திறக்காட்டி அவருக்கு ஒரு நாள் வருத்தம். திறந்துட்டா இன்னும் எட்டு வருஷம் உக்காருவாரு. என்னால இனிமே உக்கார முடியாது." சொல்லிவிட்டு, மாவு ஒட்டிய கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நம் வீட்டில் அவள் அழுது நான் பார்த்தது இதுதான் இரண்டாவது தடவை.

அந்த ஆசிரியர் மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார். ஸர்மத், நீ ஏன் போகமாட்டேன் என்கிறாய்? கூட்டத்தில் பிரிந்துவிட்டோம், நான் பார்க்கவில்லை என்று எங்களிடம் சொன்னாயே, அதையே அங்கே போய்ச் சொல். அதற்கு என்ன இவ்வளவு பயம்? வரும் வெள்ளி அப்பா மூன்றாவது முறை நிற்கப்போகிறார். அதற்குள்ளாவது எழுது.

நுஹா

மொசூல்
அக்டோபர் 20

என் தம்பி ஸர்மத்,

இதை எழுதும்போது எனக்கு உன்மேல் கோபமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கடைசிவரை வாசிப்பாய்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி நேரம் முழுதாக நின்றோம். அப்பா தொழுகைக்கு எழுந்ததைத் தவிர அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. பகல் சாப்பாட்டை மடியில் வைத்தே சாப்பிட்டார். திரையில் காற்று உப்பை வாரி வாரி வீட்டுச் சுவரில் அடித்தது. தாரின் ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றான். ஐந்தரைக்குத் தஹ்ஸீன் முழங்காலைக் கட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். ஆறு ஆனது. ஆறு பத்து. கதவு அப்படியே இருந்தது. "இன்வெர்ட்டரால கடிகாரம் மெதுவா ஓடுதோ என்னவோ, சித்தப்பா" என்றான் தஹ்ஸீன் அப்பாவிடம். அவன் குரலைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு நாற்பதுக்கு அப்பா, "ஹதீல், இங்க வந்து உக்காரு மா" என்று கூப்பிட்டார். அவள் ஈரக்கையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தாள். அப்பா என்னிடமிருந்து கன்ட்ரோலரை வாங்கினார். "எதும்மா அது?" என்று கேட்டார். காட்டினேன். பதினாலு வருஷத்தில் அவர் ஒரு பொத்தானைத் தொட்டதில்லை. பெருவிரலால் அழுத்தினார், சரியாக அழுந்தவில்லை, இன்னொரு முறை அழுத்தினார். தாரின் குனிந்து எழுதினான். "என்ன எழுதியிருக்கான்?" என்றார். "அண்ணன் பேர்" என்றேன். "வேற?" "வேற ஒண்ணுமில்லப்பா." தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்ப் பேட்டரியைக் கழற்றத் தொடங்கினார்.

தஹ்ஸீனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "புளுகன், எவன்டா நீ" என்று அந்தப் பக்கத்தில் திட்டி எழுதப்போனான். என்ன எழுதுகிறான் என்று எட்டிப் பார்த்தேன். அங்கே அந்தப் புளுகனின் பெயர் இருந்தது: மூணு கால் அபூ ஸாபிர்.

கழுதையை அபூ ஸாபிர் என்று கூப்பிடாதவர்கள் நம் நாட்டிலேயே கிடையாது. ஆனால் முதல் பாகத்தில் கால் ஒடிந்த ஒரு கழுதையை, விற்கவும் மாட்டோம் விடவும் மாட்டோம் என்று கடைசிவரை இழுத்துக்கொண்டு போனவர்கள் ஹாரிஸ் அண்ணனும் நீயும்தான். அதற்கு அந்தப் பெயர் வைத்ததும் நீங்கள்தான். ஸர்மத், அந்த ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எழுதியது அண்ணன் என்று நினைத்துவிட்டேன். எங்கேயோ உயிரோடு உட்கார்ந்து எழுதுகிறான் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் நீ நினைவுக்கு வந்தாய். உன்னை நினைத்ததும் எனக்கு வந்தது ஏமாற்றம். அதற்காக என்னை மன்னித்துக்கொள்.

மறுநாள் அப்பாவிடம் சொல்லத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். அவர், "தெரியும். தஹ்ஸீன் வாசிச்ச அன்னிக்கே தெரியும். அது உன் தம்பி" என்றார். பின்னே ஏன் மூன்று முறை நின்றீர்கள் என்று கேட்டேன். "பிள்ளை கேட்டான். அவன் எட்டு வருஷத்துல எங்கிட்ட வேற எதுவும் கேட்டதில்ல. பன்னிரண்டு மணி நேரம் குடுத்தேன். அதுக்கு மேல குடுக்கிறதுக்கு அது என் நேரம் இல்ல, ஹதீலோடது."

பிறகு அவர் சொன்னதுதான் நான் இந்தக் கடிதம் எழுதக் காரணம். நீ எங்கேயாவது உட்கார்ந்துகொள்.

ஆற்றின் வலது கரையிலிருந்து மக்கள் சண்டைக்குத் தப்பி வந்த அந்த மார்ச் மாதம், நாங்கள் முந்தின நாளே வந்துவிட்டோம். நீயும் அண்ணனும் பின்னால் வந்தீர்கள். அந்தக் கறுப்புக்கொடிக்காரர்கள் கூட்டத்தில் கலந்து வருகிறார்களா என்று பார்த்த சோதனை வரிசையில் உனக்கு இரண்டு பேர் தள்ளி, நம் பழைய தெருவின் உம்மு ஜாஸிம் நின்றிருக்கிறாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அந்த வாரமே அப்பாவிடம் வந்து சொல்லிவிட்டாள். ஆண்களைத் தனியே பிரித்தபோது உனக்குப் பதினாறு வயது. துப்பாக்கிக்காரன் அண்ணனைக் காட்டி, "இவன் உன்கூட வந்தவனா? உனக்குத் தெரியுமா?" என்று உன்னிடம் கேட்டான். நீ, "தெரியாது" என்றாய். உன்னைப் பெண்கள் பக்கம் தள்ளினார்கள், அண்ணனைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். கூட்டத்தில் பிரியவில்லை நீங்கள்.

அப்பா அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமலே இருந்தது ஹாரிஸ் வருவான் என்று அல்ல. "அவன் வரமாட்டான்னு எனக்கு அந்த வருஷமே தெரியும். நான் கையெழுத்துப் போட்டா அடுத்த நாளே ஸர்மதைக் கூப்பிடுவாங்க. இந்தக் கதையை அவன் வாயால ஒரு குமாஸ்தாகிட்ட சொல்லவைப்பாங்க. என் பிள்ளைக்கு அது வேண்டாம்னு இருந்தேன். ஹதீலுக்குத்தான் பெரிய அநியாயம் பண்ணிட்டேன்" என்றார். நான் இத்தனை நாளும் அவரைப் பிடிவாதக்காரக் கிழவர் என்று நினைத்தேன், உன்னைப் பொறுப்பில்லாதவன் என்று நினைத்தேன். நான்தான் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. உனக்குப் பின்னால் நின்ற அண்ணனை நீ பார்க்கவில்லை, உம்மு ஜாஸிம் பார்த்தாள். அந்த ஆள் உன்னிடம் கேட்டபோது அண்ணன் உன் முதுகைப் பார்த்து இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தானாம். நீ தெரியாது என்று சொன்னதும் கண்ணை மூடி மூச்சுவிட்டானாம். அதை நேற்று நான் போய் அவள் வாயாலேயே கேட்டுவந்தேன். உன்னிடம் இதை முன்பே யாரும் சொல்லாமல் போனது எங்கள் தப்பு.

நேற்றுக் காலை அப்பா நீதிமன்றத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். அண்ணியும் நானும் கூடப் போனோம். அவள் வெளியே வந்து வராந்தாவில் ஒரு தூணுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றாள். நாங்கள் கூப்பிடவில்லை. இனி பாக்கி உன் வாக்குமூலம் ஒன்றுதான்.

அப்பா உனக்குச் சொல்லச் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "ஸர்மத், தெரியாதுன்னு நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையாலதான் எனக்கு ரெண்டு ஆம்பளைப் பிள்ளைல ஒருத்தன் மிஞ்சினான். நான் ஒவ்வொரு தொழுகையிலயும் அதுக்கு நன்றி சொல்றேன். எங்க போய் அதைச் சொல்றதுக்கும் நீ வெக்கப்படாதே."

இறைவன் உன் நெஞ்சை விரிவாக்கட்டும், உன் நாவுக்குத் தெம்பு தரட்டும். திங்கட்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு பெர்லினுக்கு ரயில் ஏறு, தம்பி. அவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். இந்தத் தடவை, ஹாரிஸ் என் அண்ணன், எனக்கு அவனைத் தெரியும் என்று சொல்.

உன் அக்கா
நுஹா